நவீன ஓவியமும் விளம்பரமும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வரைகிறவர்கள், விளம்பர நிறுவனங்களில் வடிவமைப்பு வேலை பார்க்கிறவர்கள், உயர்தரத்தில் சித்திரம் படிக்கிற மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். வரலாறும் உண்டு, கைவேலையும் உண்டு, சட்டமும் உண்டு. எங்களுக்கு ஒரு விஷயத்தில் உறுதியான கருத்து இருக்கிறது: விளம்பரத்துக்கு வரைவதால் ஓவியருக்கு இழுக்கு இல்லை, பெயரும் உரிமையும் அவர் கையை விட்டுப் போவதுதான் இழப்பு. பல பதில்கள் அங்கேதான் போய் நிற்கும்.

ஓவியம் கலைக்காக, விளம்பரம் காசுக்காக. இரண்டையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

இரண்டும் ஒரே அச்சுக்கூடத்தில் வளர்ந்தவை. பாரிஸில் ஜூல் ஷெரே 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வண்ணக் கல்லச்சில் பெரிய சுவரொட்டிகளை அடிக்கத் தொடங்கினார். 1881 ஜூலை 29இல் வந்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டம், சுவரொட்டி ஒட்டுவதற்கு இருந்த தடைகளைத் தளர்த்தியது. பத்து வருடம் கழித்து, 1891இல், ஓவியர் துலூஸ்-லோத்ரெக் மூலான் ரூஜ் நடனசாலைக்காகத் தன் முதல் சுவரொட்டியை வரைந்தார். ஏறத்தாழ 3,000 பிரதிகள் நகரமெங்கும் ஒட்டப்பட்டன.

கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு தடவை அச்சேற்ற வேண்டும். நிறம் கூடினால் செலவும் கூடும், நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகும் ஆபத்தும் கூடும். அதனால் லோத்ரெக் நாலு நிறத்தோடு நிறுத்திக்கொண்டார். உருவங்களுக்குள் நிழல் தீட்டாமல் தட்டையாக விட்டார், முன்னால் நிற்கும் ஆளை வெறும் நிழலுருவமாக்கினார், எழுத்தையும் படத்தின் ஒரு பகுதியாகவே வைத்தார். யப்பானிய மர அச்சுப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணும் இதற்குக் காரணம். தட்டையான பரப்பு, தடித்த கோடு, படத்துக்குள் எழுத்து என்று பிற்கால நவீன ஓவியத்தில் நாம் காணும் பல குணங்கள், தெருவில் நடந்துபோகிறவரின் கண்ணை ஒரு கணம் பிடித்து நிறுத்துவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டவை.

விளம்பரத் துண்டுகள் ஓவியத்துக்குள் எப்போது வந்தன?

1912இல் பிக்காசோவும் பிராக்கும் பத்திரிகைத் தாளையும் சுவர்க்காகிதத்தையும் படத்தில் ஒட்டத் தொடங்கியபோது. 1913இல் பிக்காசோ செய்த ஓர் ஒட்டுப்படத்தில் பாரிஸின் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியின் பெயர் அப்படியே இருக்கிறது. ஜேர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் 1919இல் ஒரு வங்கி விளம்பரத்தை வெட்டியெடுத்து ஒட்டினார். அதில் எஞ்சிய ‘மெர்ஸ்’ என்ற துண்டையே தன் கலை முழுவதற்கும் பெயராக வைத்துக்கொண்டார். 1924இல் அதே பெயரில் ஹனோவரில் விளம்பர அலுவலகமும் திறந்து, பெலிக்கன் மை நிறுவனத்துக்கு வேலை செய்தார். அவரிடம் இரண்டுக்கும் நடுவில் சுவர் எதுவும் இருக்கவில்லை.

விளம்பரத்துக்கு வரைந்தால் ஓவியர் என்ற பெயர் கெட்டுவிடாதா?

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சோவியத் ரஷ்யாவில் ரொட்சென்கோ படம் போட, கவிஞர் மயகோவ்ஸ்கி வரி எழுத, 1923 முதல் அரச கடைகளுக்கும் றப்பர் நிறுவனத்துக்கும் இருவரும் சேர்ந்து விளம்பரம் செய்தார்கள். பெல்ஜிய ஓவியர் மக்ரித் பல வருடம் விளம்பர வேலையில் பிழைத்தவர். ஸ்பானிய ஓவியர் டாலி 1969இல் சுப்பா சுப்ஸ் இனிப்புக்கு இலச்சினை வரைந்தார். இலச்சினையைப் பக்கத்தில் போடாமல் உச்சியில் வைக்கச் சொன்னதும் அவர்தான். கடையில் குச்சி இனிப்புகளைக் கொத்தாக நிறுத்தி வைத்தாலும் பெயர் முழுதாகத் தெரிய வேண்டும் என்பது காரணம். இன்றும் அது உச்சியில்தான் இருக்கிறது.

அண்டி வோர்ஹோல் விளம்பரத்தை வெறுமனே நகல் எடுத்தவர்தானே?

வோர்ஹோல் 1949இல் நியூயோர்க்குக்கு வந்து, சப்பாத்து விளம்பரங்கள் வரைந்தே பெயரெடுத்தவர். பிறகுதான் ஓவியக்கூடத்துக்குள் போனார். 1962 ஜூலையில் லொஸ் ஏஞ்சலிஸ் ஃபேரஸ் கலைக்கூடத்தில் காட்டிய 32 சூப் டின் படங்களும் அச்சடித்தவை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவை தூரிகையால் வரைந்தவை. ஒவ்வொன்றும் 20 அங்குலம் உயரம், 16 அங்குலம் அகலம். அடியில் வரும் சிறு பூ அலங்காரத்தை மட்டும் முத்திரை குத்தினார். புகைப்படத் திரையச்சுக்கு (துணித் திரையின் வழியே மையைத் தள்ளி அச்சிடும் முறைக்கு) அவர் மாறியது அதே வருடத்தின் பிற்பகுதியில்.

நகல் பற்றிய கேள்வி உண்மையில் கூர்மையாவது 1964இல், பிரில்லோ பெட்டிகளில். பாத்திரம் துலக்கும் பஞ்சு வரும் அட்டைப்பெட்டியை, ஒட்டுப்பலகையில் செய்து திரையச்சு அடித்து, நியூயோர்க்கில் ஸ்டேபிள் கலைக்கூடத்தில் அடுக்கினார். கலை என்றால் என்ன என்று தத்துவப் பேராசிரியர்கள் நூல் எழுதும் அளவுக்கு அது பேசப்பட்டது. கடையில் விற்ற அசல் பெட்டியை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹார்வி. அவரும் ஓவியர், அதுவும் அந்நாளில் மதிப்புப் பெற்றிருந்த அரூப வெளிப்பாட்டுப் பாணியில் தீவிரமாக வரைந்தவர். வயிற்றுப்பாட்டுக்காக வடிவமைப்பு வேலை பார்த்தார். கண்காட்சிக்குப் போய்த் தன் பெட்டிகளைத் தானே பார்த்தார், அடுத்த வருடம் இறந்துபோனார். சிவப்பு, வெள்ளை அலைகளை அந்த அட்டையில் ஓடவிட்ட கை ஹார்வியின் கை. வோர்ஹோலின் சாதனையைக் குறைக்காமலே இதைச் சொல்லலாம், வகுப்பில் கட்டாயம் சொல்லவும் வேண்டும்.

ஓவியர் சம்மதிக்காமலே ஓவியம் விளம்பரமான சம்பவம் உண்டா?

உண்டு, நம் குளியலறை வரை வந்த ஒன்று. ஆங்கில ஓவியர் ஜோன் எவரெட் மில்லே 1886இல் தன் பேரன் சவர்க்காரக் குமிழி ஊதுவதை வரைந்தார். ஒரு பத்திரிகை உரிமையாளர் படத்தைப் பதிப்புரிமையோடு வாங்கினார். அவரிடமிருந்து பியர்ஸ் சவர்க்கார நிறுவனம் வாங்கியது. சிறுவனின் காலடியில் ஒரு சவர்க்காரக் கட்டியைச் சேர்த்து விளம்பரமாக வெளியிட்டார்கள். ஓவியருக்கு அதை நிறுத்தும் உரிமை இருக்கவில்லை, ஏனெனில் உரிமை ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது. படத்தை விற்பதும் உரிமையை விற்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

இலங்கை நவீன ஓவியத்துக்கும் விளம்பரத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதா?

நிறைய. முதலில் தேயிலை. இலங்கைத் தேயிலைப் பிரசார சபை தன் தேயிலையைப் பரப்புவதற்காக நாலு சிறிய பயணப் படங்கள் எடுக்கச் சொன்னது. 1934இல் பசில் ரைட் அவற்றை ஒன்றாக்கி, ஏறத்தாழ 40 நிமிட ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படமாகக் கொடுத்தார். ஜோன் கிரியர்சன் தயாரிப்பாளர். வர்ணனைக்குரல் கொழும்பைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் லயனல் வென்டுடையது. வாசிக்கப்பட்ட வரிகள் 1681இல் வெளியான ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து வந்தவை. சந்தை விலைகள், கப்பல் விவரங்கள், தொலைபேசிக் குரல்கள் ஆகியவற்றை யானையும் கொழுந்துக்கூடையும் தெரியும் காட்சிகளின் மேல் போட்ட ஒலித்தொகுப்பு, அக்காலத்துக்கு மிகத் துணிச்சலான நவீன வேலை. பணம் கொடுத்தது தேயிலை, கிடைத்தது கலைப்படம். ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்கள் படத்தில் வந்தாலும் அவர்களின் குரல் அதில் இல்லை. மலையகத் தமிழர் இதை அந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டும்.

அதே வென்டைச் சுற்றித்தான் 1943இல் கொழும்பில் 43 குழு உருவானது. ஜோர்ஜ் கீட், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், மஞ்சுஸ்ரீ தேரர் ஆகியோரோடு ஒப்ரி கொலெட்டும் அதில் இருந்தார். கொலெட் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர். நாளாந்த அச்சுக்கு வரைகிற ஒருவரை அந்தக் குழு தள்ளி வைக்கவில்லை.

பின்னர் பார்பரா சன்சோனி 1960களில் பேர்ஃபுட் கைத்தறிகளைத் தொடங்கினார். அந்த நிற அடுக்குகள் ஓவியரின் கண்ணிலிருந்து வந்தவை, துணியே நிறுவனத்தின் விளம்பரமுமாயிற்று. லக்கி சேனாநாயக்க 1979 நாணயத்தாள் வரிசைக்குப் பூச்சி, பறவை, மீன், பூ என்று வரைந்தார். நாட்டில் ஓவியக்கூடத்தின் வாசலையே மிதிக்காதவர்களின் சட்டைப்பைக்குள்ளும் அந்த ஓவியம் இருந்தது.

கையால் எழுதும் பெயர்ப்பலகையையும் கலை என்று கணக்கெடுக்கலாமா? அதை எப்படிச் செய்வது?

எங்கள் பதில்: ஆம், தயக்கமில்லாமல். அமெரிக்க பொப் ஓவியர் ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தில் ஏறிப் பிரமாண்ட விளம்பரப் பலகை வரைந்தவர். 1964–65இல் அவர் வரைந்த 86 அடி நீள ஓவியத்தில் போர் விமானத்தின் மேல் டயரும் கேக்கும் ஸ்பகெட்டியும் ஓடுவது அந்தச் சாரத்துப் பயிற்சியின் விளைவு. மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் சினிமாத் தட்டிகளும் கடைப் பலகைகளும் வரைந்தவர்கள் செய்ததும் அதே தொழில்நுட்பம். அவர்களின் பெயர் மட்டும் எங்கேயும் எழுதப்படவில்லை.

முறை இது. 8 அடிக்கு 4 அடிப் பலகை என்றால், 8 அங்குலத்துக்கு 4 அங்குலத்தில் ஒரு மூலப்படம் போடுங்கள். அதில் ஓர் அங்குலக் கட்டங்கள் கீறினால் 32 வரும். பலகையில் அதையே ஓரடிக் கட்டங்களாக்க, சுண்ணாம்புத்தூள் தேய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிடுங்கள். கோடு நேராக விழும், பிறகு துடைத்தால் போய்விடும். முகம் வரும் இடத்தில் மட்டும் கட்டத்தை இரண்டாகப் பிரித்து 6 அங்குலமாக்குங்கள். கண்ணும் மூக்கும் பிசகுவது அங்கேதான். கரித்துண்டால் வெளிக்கோடு, பிறகு பெரிய நிறப்பரப்பு, கடைசியில் எழுத்து. ஒரே சொல் பல பலகைகளில் வருமானால், காகிதத்தில் எழுதி வெளிக்கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, கரித்தூள் கட்டிய துணிப்பையால் தட்டி எடுக்கலாம்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது தகரம். புதிய நாகத்தகடு பளபளவென்று இருக்கும்போதே எனாமல் பூசினால், ஓரிரு மழைக்காலத்தில் தோலாக உரிந்து வரும். எனாமலில் உள்ள எண்ணெய் நாகத்தோடு வினைபுரிந்து பிடிப்பு இழப்பதுதான் காரணம். நன்றாகக் கழுவி, லேசாக உரசி, நாகத்தகட்டுக்கென்றே விற்கும் முதற்பூச்சை அடித்த பிறகே எனாமல். இரண்டாவது ஈரம். கொழும்பில் மழை நாளில் பூசினால் மேற்பரப்பு மங்கி வெளிறும். முதல் பூச்சு ஓர் இரவாவது காய வேண்டும். மூன்றாவது நிறம். வெயிலில் முதலில் வெளுப்பது மலிவான சிவப்பு. காலி வீதியில் கடற்காற்று படும் பக்கத்துப் பலகைகளுக்கு ஆணியும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். இல்லையென்றால் துருநீர் எழுத்தின் மேல் வழியும்.

எழுதி முடித்ததும் வலது கீழ் மூலையில் பெயரும் வருடமும் சிறிதாகப் போடுங்கள். கடைக்காரர் பெரும்பாலும் எதிர்ப்பதில்லை, கேட்காமல் இருப்பது நாம்தான்.

வோர்ஹோல் செய்தது போலத் திரையச்சை வகுப்பறையில் செய்ய முடியுமா?

முடியும். மரச்சட்டம் அல்லது அலுமினியச் சட்டம், காகிதத்துக்கு 77 இழைத் திரை (ஒரு சென்ரிமீற்றருக்கு 77 இழை), துணிக்கு 43. ஒளியுணர் பசை, கறுப்பு மையில் அச்சிட்ட ஒளிபுகு தாள், றப்பர் இழுவை, நீர் கலந்த மை. இவ்வளவும் போதும்.

திரையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவையுங்கள், விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பசை ஒட்டாது. பசையை இரு பக்கமும் ஒரே தடவையில் மெல்லிதாக இழுத்து, சட்டத்தைப் படுக்கையாக வைத்து இருட்டில் காயவிடுங்கள். இந்த இடத்தில்தான் கொழும்பு சோதிக்கும்: காற்றில் ஈரம் அதிகம், பசை தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே ஈரமாக இருக்கும். அதை ஒளியில் வைத்துக் கழுவினால் படமும் சேர்ந்து கழன்று போகும். மின்விசிறியோடு மூடிய அறையில், முடிந்தால் ஈரமுறிஞ்சியோடு, இரவு முழுக்க விடுங்கள். காய்ந்த திரையில் ஒளிபுகு தாளை வைத்து ஒளி கொடுக்கும் நேரத்தை யாரையும் கேட்காதீர்கள். ஒரு சோதனைத் திரையில் கறுப்பு அட்டையைப் படிப்படியாக விலக்கி, எந்தப் பட்டையில் மெல்லிய கோடும் நிற்கிறது, கழுவும் தண்ணீரும் வழுவழுப்பாக வரவில்லை என்று பார்த்து முடிவெடுங்கள். விளக்குக்கு விளக்கு அது மாறும்.

அடிக்கும்போது திரை தாளைத் தொடக்கூடாது, 2–3 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஓரம் கசியும். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் மையைத் திரையின் மேல் மெல்லப் பரப்பி மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் நம் வெப்பத்தில் ஐந்தாறு தாளுக்குள் கண்ணிகள் அடைத்துவிடும். விசிறிக்காற்று திரையில் நேரே படவும் கூடாது.

புகைப்படம் அடிக்க அதைப் புள்ளிகளாக உடைக்க வேண்டும். 77 இழை என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 195. அதை நாலரையால் வகுத்தால் 43 வரும். புள்ளி வரிகள் அங்குலத்துக்கு 40–45க்கு மேல் போகாதீர்கள், போனால் அலையலையாக ஒரு வலைக்கோலம் தோன்றும். புள்ளிக் கோணத்தை 22.5 பாகைக்கு மாற்றினாலும் அந்தக் கோலம் குறையும். வோர்ஹோலின் உருவப்படங்களில் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு விலகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் நிறத்திட்டுகள், அதன்மேல் கறுப்புத் திரை என்ற வரிசையில் வரும் விலகல் அது. பொதி (பொருள் வரும் பெட்டி, உறை) அச்சில் கழித்துப் போடும் பிழையை அவர் ஏற்றுக்கொண்டு வைத்தார்.

ஒரு கம்பனி என் ஓவியத்தை விளம்பரத்துக்குக் கேட்கிறது. என்ன செய்ய வேண்டும்?

முதலில், எழுத்தில் கேளுங்கள். இலங்கையில் இதற்குரியது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். வரைந்த கணமே பதிப்புரிமை உங்களுடையது, எங்கும் பதியத் தேவையில்லை. உரிமையை மாற்றுவதும் அனுமதி கொடுப்பதும் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். நீங்கள் அந்த நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவராக இருந்து, வேலையின் பகுதியாக வரைந்திருந்தால் கதை வேறு: ஒப்பந்தத்தில் மாற்றிச் சொல்லப்படாதவரை பொருளாதார உரிமை முதலாளிக்கு.

விளம்பர முகவர்கள் அனுப்பும் தாளில் ‘அனைத்து உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும், காலவரையின்றி’ என்ற வரி அடிக்கடி வரும். மில்லேயின் படத்தில் சவர்க்காரக் கட்டி சேர்ந்ததற்கு வழிவிட்டதும் இப்படி உரிமையை முழுதாகக் கைமாற்றியதுதான். அதை வெட்டிவிட்டு, எது கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள்: எந்தப் படம், எங்கே (வீதிப் பலகையா, பத்திரிகையா, சமூக ஊடகமா, பொதியா, தொலைக்காட்சியா), இலங்கைக்கு மட்டுமா, எத்தனை மாதம். பொதி என்றால் கட்டணம் கூட. ஏனெனில் பலகை இறங்கிவிடும், பொதி வருடக்கணக்கில் கடையில் இருக்கும். நீடிக்க விரும்பினால் மறுபடி கட்டணம். போட்டி நிறுவனத்துக்குக் கொடுக்கக்கூடாது என்றால் அதற்கும் தனிக் கட்டணம்.

வெட்டலாமா, நிறம் மாற்றலாமா, படத்தின் மேல் விலை எழுதலாமா என்பதைத் தனி வரியாக வையுங்கள். படைப்பாளியின் பெயர் குறிப்பிடப்பட வேண்டும், அவரது மதிப்பைக் கெடுக்கும் விதமாகப் படைப்பைச் சிதைக்கக் கூடாது என்ற தார்மிக உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் பலகையில் பெயர் எந்த மூலையில், எந்த அளவில் என்று ஒப்பந்தத்தில் இருந்தால்தான் அச்சகத்தில் அது விடுபடாது. முற்பணமாகப் பாதி வாங்குங்கள். பணம் முடியும் வரை 1,000 பிக்சலுக்கு மேற்பட்ட கோப்பு அனுப்பாதீர்கள். அசல் ஓவியம் உங்களிடமே இருக்கும் என்பதையும் எழுதிவிடுங்கள், கேட்காமலே அது அலுவலகச் சுவருக்குப் போய்விடுவதுண்டு.

‘மாதிரி வரைந்து காட்டுங்கள், பிடித்தால் பார்ப்போம்’ என்றால், மாதிரிக்கும் ஒரு தொகை சொல்லுங்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் பரவாயில்லை, அது வேலை என்பது அப்போதுதான் பதியும்.

கீட், வென்ட் போன்றோரின் படைப்புகளை விளம்பரத்தில் போடலாமா?

காலக்கணக்கு இது: படைப்பாளியின் ஆயுளும் இறந்த பின் 70 வருடமும். கீட் 1993இல் இறந்தார், ஆகவே 2063 முடியும் வரை அனுமதி வேண்டும். தரணியகல 1967இல் இறந்தார், 2037 வரை. வென்ட் 1944இல் இறந்தார், அவர் படங்களின் பொருளாதார உரிமைக் காலம் கடந்துவிட்டது. ஆனாலும் நல்ல பிரதி வேண்டுமென்றால் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும், அவர் நிபந்தனை விதிக்கலாம். பயன்படு கலைக்கு (பயன்பாட்டுப் பொருளில் அமையும் கலைக்கு) மட்டும் காலம் வேறு, ஆக்கியதிலிருந்து 25 வருடம். ஓவியத்தை ஏலத்தில் வாங்கி வீட்டில் வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அவரிடம் இருப்பது பொருள், உரிமை வாரிசுகளிடம்.

பாணியை மட்டும் எடுத்தால்?

பாணிக்குப் பதிப்புரிமை இல்லை. கட்டக்கோடும் முதன்மை நிறமும் போட்டு ஓவியர் மொண்ட்ரியானின் சாயலில் ஒரு பொதி செய்யலாம். 1965இல் உடை வடிவமைப்பாளர் ஈவ் சென் லோரன் உடைகளே அப்படிச் செய்தார். அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர் பத்திரிகை வடிவமைப்பில் பழகிய கையோடு, சிவப்புப் பட்டையில் வெள்ளை ஃபியூச்சுரா எழுத்து வைத்து நுகர்வை விமர்சித்தார். அந்தத் தோற்றத்தையே 1994இல் தொடங்கிய சுப்ரீம் உடை நிறுவனம் இலச்சினையாக்கிக்கொண்டது. சட்டம் தடுக்காது. ஆனால் உயிரோடிருக்கும் கொழும்பு ஓவியர் ஒருவரின் கைவண்ணத்தை அப்படியே வேறொருவரை வைத்து வரைவிப்பது மலிவான செயல், அவரையே அழைத்தால் வேலையும் நன்றாக வரும்.

ஓவியத்தை வீதிப் பலகைக்கு எடுக்கும்போது நிறம் ஏன் செத்துப்போகிறது?

பெரும்பாலும் படமெடுத்த விதத்தால். இரண்டு ஒரே மாதிரி விளக்குகள், இரு பக்கமும் 45 பாகையில். கமரா ஓவியத்தின் நடுவுக்கு நேராக. பிறகு நிறத்தைச் சரிபார்க்கச் சாம்பல் அட்டை ஒன்றை ஓரத்தில் வைத்து முதல் படம். அறையின் மற்ற விளக்குகள் அணைந்திருக்க வேண்டும், குழல்விளக்கும் யன்னல் வெளிச்சமும் கலந்தால் பிறகு திருத்த முடியாது. வார்னிஷ் பூசுமுன் எடுப்பது நல்லது.

அச்சு மையின் நாலு நிறத்துக்குள் சில நிறங்கள் அடங்கா. அல்ட்ராமரைன் நீலம் ஊதாப் பக்கம் சரியும், பளிச்சென்ற செம்மஞ்சள் மண்ணாகும். திரையில் பார்த்து முடிவெடுக்காமல், அதே இயந்திரத்தில் அதே பீவீசி விரிப்பில் ஓரடித் துண்டு அடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

அளவு பற்றி வீணாகப் பயப்படுகிறார்கள். 20 அடிக்கு 10 அடிப் பலகைக்கு அங்குலத்துக்கு 30 புள்ளி வைத்தால் 7,200 க்கு 3,600 பிக்சல். 40 அடி தூரத்திலிருந்து பார்க்க அது தாராளம்.

மும்மொழி விளம்பரத்தில் தமிழ் மட்டும் ஏன் உடைந்து வருகிறது?

எல்லாரும் கண்ணால் காணும் அவமானம் இது, காரணம் மிகச் சாதாரணம். இலங்கை அச்சகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் புழங்குகிறது. அது யுனிகோட் வருவதற்கு முந்திய ஏற்பாடு, ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் உருவங்கள். மொழிபெயர்ப்பாளர் யுனிகோடில் அனுப்ப, வடிவமைப்பாளர் பாமினியைத் தேர்ந்தால் வெற்றுக் கட்டம் வரும் அல்லது வேறு எழுத்துரு நுழையும். பாமினியில் வந்ததை யுனிகோட் எழுத்துருவில் போட்டால் ஆங்கில எழுத்துக் குப்பை வரும்.

அடுத்தது, வடிவமைப்பு மென்பொருள். தெற்காசிய எழுத்துக்கான அமைப்பு இயக்கப்படாவிட்டால், ‘கொ’வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். எழுத்து விருப்பத்தேர்வில் மத்திய கிழக்கு–தெற்காசியத் தெரிவை இயக்கி, பந்தி அமைப்பையும் அதற்கேற்ப மாற்றினால் சரியாகும். அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தை வெளிக்கோடாக மாற்றிவிடுங்கள், திருத்தக்கூடிய பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு.

அளவையும் புள்ளிக்கணக்கில் ஒப்பிடாதீர்கள். ‘ப’வின் உயரத்தை ஆங்கிலச் சின்ன எழுத்தின் உடல் உயரத்தோடு ஒப்பிட்டுச் சமப்படுத்துங்கள். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு 1.2 என்றால் தமிழுக்கு 1.4–1.5 வேண்டும், இல்லையேல் மேல்வரியின் ‘மு’, ‘கூ’ வால்கள் கீழ்வரியின் ‘கி’ கொக்கியில் இடிக்கும். மிகத் தடித்த எழுத்துருவில் ‘ஞ’, ‘ஜ’, ‘ணை’ ஆகியவற்றின் உள்வெளி அடைபடும், ஒரு படி மெல்லியதை எடுங்கள். வாகனத்தில் போகிறவர் படிக்க, 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்துயரம் என்ற கணக்கு நல்லது. தமிழ் வாசகம் நீளமென்று அதை மட்டும் சுருக்கி நெருக்காதீர்கள். தமிழையே மனதில் வைத்து இன்னொரு வாசகம் எழுதச் சொல்லுங்கள்.

கடைசிப் பீடிஎஃப்பைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். மூலக்கோப்பைப் பார்த்தது போதாது.

கம்பனி அனுசரணையில் நடக்கும் கண்காட்சியில் பங்குபற்றலாமா?

தாராளமாக. ஜோர்ஜ் கீட் மன்றம் 1993 முதல் கொழும்பு 7, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடத்தும் கலா பொல வீதிச் சந்தை ஜோன் கீல்ஸ் குழுமத்தின் ஆதரவோடு நடக்கிறது. நடைபாதையில் ஓவியர் தானே நின்று வாங்குகிறவரோடு பேசி விற்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிறவர்கள் படத்தின் பின்புறம் பெயர், தலைப்பு, வருடம், ஊடகம் எழுதிக்கொண்டு வாருங்கள். படத்தோடு பதிப்புரிமை சேராது என்று பற்றுச்சீட்டில் ஒரு வரி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் இவற்றை எங்கே பார்க்கலாம்?

43 குழு ஓவியங்களுக்குப் பார்ன்ஸ் பிளேஸில் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடான சபுமல் மன்றம். கில்ட்ஃபர்ட் கிரசன்டில் லயனல் வென்ட் கலை மையம். நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் 2019 டிசம்பரில் திறக்கப்பட்டது, பின்னர் காலி வீதியில் கிரெஸ்கட் கட்டடத்துக்கு மாறியது. அங்கே படவிளக்கங்கள் மூன்று மொழியிலும் இருக்கின்றன. மாணவர்களைக் கூட்டிப் போகும் ஆசிரியர்கள், போகும் வழியில் காலி வீதியின் பலகைகளில் ஐந்தைப் படமெடுக்கச் சொல்லுங்கள். நிறம் எத்தனை, எழுத்து எந்தப் பக்கம், தமிழ் எந்த வரிசையில் என்று குறித்துக்கொண்டு உள்ளே போனால் ஓவியங்களைப் பார்க்கும் கண் வேறாக இருக்கும்.